இருபது முட்டுக்கு ஒரே அச்சு: மரச்சட்டக வேலையில் நேரம் எங்கே மிச்சமாகிறது?

சுவர் எடை தாங்காமல், பெரிய பெரிய மரத் தூண்களும் உத்தரங்களும் மொத்தப் பாரத்தையும் தாங்கி நிற்பதுதான் மரச்சட்டகக் கட்டடம். ஒரு மரத்தின் முனையில் நாக்கு செதுக்குவார்கள். இன்னொரு மரத்தில் துளை குடைவார்கள். நாக்கைத் துளைக்குள் இறக்கி, குறுக்கே ஒரு மர ஆணி அடித்து இறுக்கிவிடுவார்கள். இரும்பு ஆணியும் போல்ட்டும் கிட்டத்தட்டக் கிடையாது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வீடு, களஞ்சியம், மாதா கோவில் எல்லாம் நூற்றாண்டுக் கணக்கில் இப்படி எழும்பியவை. அமெரிக்காவில் நடுவில் வழக்கொழிந்து, 1970களில் ஆர்வலர்கள் கையில் மறுபடி தலையெடுத்தது.

இந்த வேலையைக் கற்கப் போகிறவருக்கு முதலில் மலைப்பு தட்டுவது எண்ணிக்கையில்தான். 24 அடிக்கு 36 அடியில் ஒரு சாதாரணக் களஞ்சியத்தை எடுத்துக்கொள்வோம். குறுக்கே நான்கு சட்டகங்கள், சட்டகத்துக்கு இரண்டு வீதம் எட்டுத் தூண்கள். தூணும் உத்தரமும் சேரும் மூலை காற்றுக்கு ஆடாமல் இருக்க, 45 டிகிரியில் ஒரு சாய்வு முட்டுக் கொடுக்க வேண்டும். குறுக்குச் சட்டகங்களில் எட்டு, இரண்டு நீளச் சுவர்களிலும் சேர்த்துப் பன்னிரண்டு, ஆக இருபது முட்டுகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனை என்பதால் நாற்பது நாக்கு, அவற்றை வாங்கிக்கொள்ள நாற்பது துளை. கூரைக்கு மூன்றடிக்கு ஒரு ஜோடி வைத்தால் 26 கைமரங்கள். இன்னும் தளத்துச் சட்டங்களைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இதைக் கேட்டதும் பலரும் பெரிய ரம்பமாக வாங்கினால் தீரும் என்று நினைக்கிறார்கள். அது பாதி உண்மைகூட இல்லை. ஒரு முட்டின் முனையை அறுக்க வட்ட ரம்பத்துக்கு ஒரு நிமிடம் போதும். டேப்பை இழுத்து அளப்பது, மூலைமட்டம் வைத்துக் கோடு போடுவது, இது மேல் பக்கமா கீழ்ப் பக்கமா என்று யோசிப்பது, வரைபடத்தைத் திரும்பப் பார்ப்பது, மரத்தைப் புரட்டுவது, ரம்பத்தின் சாய்வை மாற்றிப் பூட்டுவது, இவற்றில்தான் பொழுது போகிறது. ஒரே முடிவை நாற்பது தடவை எடுக்கிறோம். அதை ஒரே தடவை எடுத்துவிட்டு, மீதி 39 தடவையும் அந்த முடிவை அப்படியே பதிக்க முடிந்தால் நேரம் மிச்சம். அச்சு (வெட்ட வேண்டிய வடிவத்தின் மாதிரி), அளவுகோல், தடுப்புக்கட்டை, ஜிக் (கருவிக்கு வழிகாட்டும் சாதனம்) என்று பட்டறையில் புழங்கும் சாமான்கள் எல்லாமே இந்த ஒரு காரியத்துக்குத்தான்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. இருபது முட்டும் நிஜமாகவே ஒரே அளவுதானா?

பழைய காலத்தில் இல்லை. கோடரியால் செதுக்கிய மரம் ஒரு முனையில் எட்டு அங்குலம் இருக்கும், மறுமுனையில் எட்டேகால் இருக்கும், நடுவில் கொஞ்சம் முறுக்கியும் இருக்கும். அதனால் மரங்களைத் தரையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடத்தி, தூக்குக்குண்டு பிடித்து, இந்த மரத்தின் நெளிவுக்கு அந்த மரத்தை வெட்டுவது என்று இரண்டு மரம் சேரும் ஒவ்வொரு மூட்டையும் தனித்தனியாகப் பொருத்தினார்கள். இதற்கு ஸ்க்ரைப் ரூல் என்று பெயர். இப்படிச் செய்த முட்டு தனக்கான மூலையில் மட்டும்தான் உட்காரும். எது எங்கே போக வேண்டும் என்று தெரிய உளியால் ரோமன் எண்களைக் கொத்தி வைத்தார்கள். நேர்க்கோடுகளாக இருப்பதால் உளிக்கு அவை சுலபம். பழைய ஆங்கிலேயக் களஞ்சியங்களில் இந்தக் குறிகளை இன்றும் பார்க்கலாம்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தச்சர்கள் வேறு வழிக்கு மாறினார்கள். அதன் பெயர் ஸ்கொயர் ரூல். யோசனை இதுதான்: இந்தக் கரடுமுரடான எட்டு அங்குல மரத்துக்குள்ளே ஏழரை அங்குலத்தில், துளியும் பிசகில்லாத ஒரு சதுர மரம் ஒளிந்திருப்பதாக வைத்துக்கொள். மூட்டு வரும் இடத்தில் மட்டும் அந்த உள்மரம் தெரியும்வரை செதுக்கு. மற்ற இடங்களில் மரம் எப்படி வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும்.

நடைமுறையில், ஒரு மரத்தின் நான்கு பக்கங்களில் அடுத்தடுத்த இரண்டை ஆதாரப் பக்கங்களாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரும்பாலும் சுவர்ப் பலகையோ கூரையோ தளமோ உட்காரப்போகும் பக்கங்களை எடுப்பார்கள். அவை இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக, நேராக இருக்கின்றனவா என்று பார்த்து, இருப்பதில் நல்லவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகு எல்லா அளவும் அந்த இரண்டு பக்கத்திலிருந்துதான். எதிர்ப் பக்கத்தில் முட்டு வந்து சேரும் இடத்தில், ஆதாரப் பக்கத்திலிருந்து ஏழரை அங்குலம் வரும்வரை ஒரு பள்ளம் செதுக்கினால் போதும். மரம் அங்கே எட்டாக இருந்தால் பள்ளம் அரை அங்குல ஆழம், எட்டேகாலாக இருந்தால் முக்கால் அங்குல ஆழம். பள்ளத்தின் ஆழம் மாறும். முட்டுக்குக் கிடைக்கும் தூரம் மாறாது. இருபது முட்டும் ஒரே அளவாகிவிடுகிறது. எதை எங்கே போட்டாலும் உட்காரும்.

என்னைக் கேட்டால், இந்தத் தொழிலில் நேரத்தை மிச்சப்படுத்திய மிகப் பெரிய கண்டுபிடிப்பு இதுதான். இதற்கு மின்சாரம்கூடத் தேவைப்படவில்லை.

அதே காலத்தில் இரும்பு மூலைமட்டமும் கூடவே வளர்ந்தது. வெர்மான்ட் மாநிலத்தின் ஷாஃப்ட்ஸ்பரி என்ற ஊரில் சைலஸ் ஹாஸ் என்ற கொல்லர் 1810களில் எஃகில் மூலைமட்டம் செய்து விற்கத் தொடங்கினார். இன்று கிடைக்கும் பெரிய மூலைமட்டத்தை எடுத்துப் பாருங்கள். நீளக் கை 24 அங்குலம், அதன் அகலம் 2 அங்குலம். குட்டைக் கை 16 அங்குலம், அதன் அகலம் ஒன்றரை அங்குலம். அகலத்தில்தான் விஷயம் இருக்கிறது. நாக்கின் கனம் வழக்கமாக ஒன்றரை அங்குலம் அல்லது இரண்டு அங்குலம். குட்டைக் கையை ஆதார விளிம்போடு ஒட்டி வைத்து ஒரு கோடு இழுத்தால் அது விளிம்பிலிருந்து ஒன்றரை அங்குலம். அந்தக் கோட்டோடு கையை மறுபடி ஒட்டி வைத்து இன்னொரு கோடு இழுத்தால் துளையின் இரண்டு ஓரமும் தயார். டேப் எடுக்கவே வேண்டாம். கருவியின் அகலமே அளவு.

சரி, இனி அச்சுக்கு வருவோம்.

மூலையிலிருந்து தூணிலும் உத்தரத்திலும் மும்மூன்றடி தள்ளிச் சாய்வு முட்டு சேர்கிறது என்றால், தோளுக்குத் தோள் அதன் நீளம் 36 அங்குலத்தின் 1.414 மடங்கு, அதாவது 50.91 அங்குலம். தோள் என்பது நாக்கு தொடங்கும் இடம். மரத்தின் உடல் அடுத்த மரத்தில் முட்டி நிற்பது அங்கேதான். நம் ஆசாரிகளின் கணக்கில் அங்குலத்துக்கு எட்டு நூல் என்பதால் இதை 50 அங்குலம் ஏழேகால் நூல் என்று சொல்லலாம். இந்த அளவை இருபது தடவை டேப்பில் தேடிப் பிடிப்பது கண்ணுக்கும் பொறுமைக்கும் கேடு. அதனால் ஆறு மில்லிமீட்டர் பிளைவுட்டில் முட்டின் முழு வடிவத்தையும் அப்படியே ஒரு தடவை வெட்டி எடுத்துக்கொள்கிறார்கள். சிலர் முனைக்கு மட்டும் சின்ன அச்சு செய்வதுண்டு. நான் முழு நீள அச்சின் பக்கம். முனை அச்சில் கோணம்தான் கைக்கு வரும், நீளத்துக்குத் தனியாக அளக்க வேண்டும். தப்பு பெரும்பாலும் நீளத்தில்தான் நடக்கிறது.

அச்சின் ஒரு விளிம்பில் மெல்லிய மரச்சட்டம் ஒன்றை இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒட்ட வேண்டும். மரத்தின் ஆதார விளிம்பில் அந்தச் சட்டத்தை மாட்டி இழுத்தால் அச்சு தானாக நேராக உட்காரும். தோள் கோட்டை அச்சின் விளிம்பை ஒட்டியே கத்தியால் கீறலாம். மர ஆணி வரும் இடத்தில் அச்சில் ஒரு சின்னத் துளை இருந்தால், அதன் வழியே ஒரு கூரான கம்பியைத் தட்டிப் புள்ளி வைத்துவிடலாம்.

அந்தப் புள்ளியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தூணில் உள்ள ஆணித்துளையும் நாக்கில் உள்ள ஆணித்துளையும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கக் கூடாது. நாக்கில் இருப்பது ஒரு நூல் அளவு தோளின் பக்கம் தள்ளி இருக்க வேண்டும். அப்போதுதான் மர ஆணியை அடிக்கும்போது அது நாக்கை உள்ளே இழுத்துத் தோளை இறுக்கமாக உட்கார வைக்கும். தோளின் பக்கம் தள்ளுவதற்குப் பதிலாக முனையின் பக்கம் தள்ளிவிட்டால் ஆணி நாக்கை வெளியே துரத்தும். நாற்பது நாக்கில் ஒவ்வொரு தடவையும் எந்தப் பக்கம் என்று யோசித்தால் எங்காவது ஒன்றில் மாறிப்போகும். அச்சில் ஒரு தடவை சரியாகத் துளைத்துவிட்டால் நாற்பதும் சரி. ஆகவே அச்சு மிச்சப்படுத்துவது வெட்டும் நேரத்தை மட்டுமல்ல, திரும்பச் செய்யும் நேரத்தையும்தான். அச்சின் மேல் "இந்தப் பக்கம் மேலே", "ஆதார விளிம்பு" என்று மார்க்கரில் கொட்டை எழுத்தில் எழுதிவிடுங்கள். கிறுக்கல் போலத் தெரிந்தாலும் பரவாயில்லை.

பள்ளம் செதுக்க ரூட்டர் (சுழலும் அலகால் மரத்தைக் குடையும் மின்கருவி) பயன்படுத்துபவர்களுக்கு இன்னொரு கணக்கு. அச்சுச் சட்டத்தின் உள்விளிம்பில் ரூட்டரின் வழிகாட்டி வளையம் உரசிக்கொண்டு ஓடும். வெட்டும் அலகு அந்த வளையத்தைவிடச் சிறியது. வளையம் 30 மில்லிமீட்டர், அலகு 20 மில்லிமீட்டர் என்றால் பக்கத்துக்கு 5 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி வெட்டும். 90 மில்லிமீட்டர் பள்ளம் வேண்டுமென்றால் அச்சின் வாய் 100 இருக்க வேண்டும். இதை மறந்து 90க்கே வாய் வைத்தால் பள்ளம் 80தான் வரும். கழிவுக் கட்டையில் ஒரு தடவை வெட்டிப் பார்ப்பது இதற்காகத்தான்.

தூண்களுக்கு அச்சு ஒத்துவராது, அவை நீளம். அங்கே அளவுகோல் வருகிறது. காய்ந்த, நேரான ஒரு மெல்லிய சட்டத்தில், தூணின் அடி நாக்கு, முட்டுத் துளை, உத்தரத் துளை, மேல் நாக்கு என்று எல்லா இடத்தையும் ஒரே தடவை நிதானமாக அளந்து குறித்துக்கொள்வது. அப்புறம் எட்டுத் தூணிலும் கோலை வைத்துக் கோடுகளை மாற்றினால் முடிந்தது. எங்கள் ஊர் ஆசாரிகள் கையில் வைத்திருந்த முழக்கோலுக்கு இது சொந்தக்காரன்தான். ஜப்பானியத் தச்சர்களிடமும் ஒரு கட்டடத்துக்கென்றே அளவுகள் குறித்த கோல் உண்டு. அதைக் கென்சாவோ என்கிறார்கள். டேப்பின் கொக்கி கொஞ்சம் ஆடும், நுனி வளையும், ஆறில் பார்க்க வேண்டியதை ஏழில் பார்த்துவிடுவோம். கோலில் எண்ணே கிடையாது, அதனால் தப்பாகப் படிக்கவும் வழியில்லை.

இங்கே கற்றுக்குட்டிகள் எல்லோரும் கேட்கும் ஒரு சந்தேகம்: முதல் கைமரத்தை வெட்டியாயிற்று, அதை இரண்டாவதன் மேல் வைத்துக் குறிக்கிறேன், இரண்டாவதை மூன்றாவதன் மேல் வைத்துக் குறிக்கலாம் அல்லவா? கூடாது. பென்சில் கோட்டுக்கும் ஒரு கனம் உண்டு. ஒவ்வொரு நகலிலும் கால் நூல் கூடினால்கூட 26ஆவது கைமரம் முதல் மரத்தைவிட ஆறேகால் நூல், அதாவது முக்கால் அங்குலத்துக்கும் மேலே நீண்டிருக்கும். முகட்டில் வைக்கும்போதுதான் அது தெரியும். எல்லாவற்றையும் முதல் மரத்திலிருந்தே குறிக்க வேண்டும். அந்தத் தாய்க் கைமரத்தில் கண்ணில் படும்படி சாயம் பூசி, கூரைக்குக் கடைசியாக ஏற்றுவது நல்ல பழக்கம்.

தாய்க் கைமரத்தின் நீளம் கண்டுபிடிப்பது ஒன்றும் கஷ்டமில்லை. கட்டடத்தின் அகலம் 24 அடி, ஆகவே பாதி 12 அடி. கூரை அடிக்கு எட்டு அங்குலம் ஏறுகிறது என்றால், ஒவ்வொரு அடி கிடைத்தூரத்துக்கும் சாய்வில் 14.42 அங்குலம். பன்னிரண்டால் பெருக்கினால் 173 அங்குலமும் கொஞ்சமும், அதாவது 14 அடி 5 அங்குலம் அரை நூல். இறவாரத்துக்கு நீட்டிக்கொண்டிருப்பது தனி. இந்தக் கணக்கையும் 26 தடவை போட வேண்டியதில்லை.

அறுக்கும்போது மிச்சப்படும் நேரத்துக்கு ஒரு சின்ன ஜிக் போதும். ஒரு பிளைவுட் துண்டின் மேல் நேரான சட்டம் ஒன்றை ஒட்டுங்கள். வட்ட ரம்பத்தின் அடித்தட்டை அந்தச் சட்டத்தோடு ஒட்டி ஓட்டி, பிளைவுட்டின் மிச்ச விளிம்பை அந்த ரம்பத்தாலேயே அறுத்துத் தள்ளுங்கள். இப்போது பிளைவுட்டின் விளிம்பு எங்கே முடிகிறதோ அங்கேதான் ரம்பம் வெட்டும். கோட்டில் விளிம்பை வைத்து கிளாம்ப் போட்டு ஓட்டினால் ஆயிற்று. ரம்பத்தின் அடித்தட்டுக்கும் பல்லுக்கும் எவ்வளவு தூரம் என்று ஒவ்வொரு தடவையும் கழித்துப் பார்க்கும் வேலை இல்லை. ரம்பத்தையோ பிளேடையோ மாற்றினால் மட்டும் ஜிக் புதிதாக வேண்டும்.

சின்னக் கட்டைகளுக்கு, அதாவது மர ஆணிக்கான துண்டுகள், குட்டைச் சட்டங்கள் போன்றவற்றுக்கு, மேசை ரம்பத்துப் பக்கத்தில் ஒரு தடுப்புக்கட்டை. மரத்தைத் தடுப்பில் முட்டி வைத்து வெட்ட வேண்டியதுதான். ஆனால் தடுப்பின் அடி மூலையைச் சற்றுச் சீவிவிடுங்கள். இல்லையென்றால் அந்த மூலையில் மரத்தூள் சேர்ந்துகொண்டே போகும். பத்தாவது கட்டை முதல் கட்டையைவிட அரை நூல் குட்டையாக வரும், காரணமும் புரியாது.

அடுத்தது வேலையின் வரிசை. பத்தடி நீளத்தில் எட்டுக்கு எட்டு அங்குலப் பச்சை ஓக் தூண் ஏறக்குறைய 120 கிலோ கனக்கும். அதைப் புரட்டுவதற்கு இரண்டு பேர் வேண்டும், அல்லது நெம்புகோல் வேண்டும். ஒரு பக்கத்துத் துளையை முடித்துவிட்டு, அடுத்த பக்கத்துக்குப் புரட்டி, ஐயோ முதல் பக்கத்தில் ஆணித்துளை விட்டுப்போயிற்று என்று திரும்பப் புரட்டுவதில் அரை நாள் போய்விடும். எட்டுத் தூணையும் பக்கத்தில் பக்கத்தில் தாங்குகட்டையில் ஏற்றி, முதலில் எல்லாவற்றிலும் கோடு, பிறகு எல்லாவற்றிலும் ஒரே பக்கத்துத் துளைகள், பிறகுதான் புரட்டல் என்று போவது மேல். துளையிடும் இயந்திரத்தில் ஆழத்தை ஒரு தடவை பூட்டினால் அந்த ஆழத்து வேலை எல்லாம் தீர்ந்த பிறகே அதைத் தொடலாம்.

ஆனால் மொத்தமாக இறங்குவதற்கு முன்னால் ஒரே ஒரு சாய்வு முட்டு மட்டும் கடைசிவரை செய்து முடித்து, ஒரு தூணிலும் உத்தரத்திலும் பொருத்திப் பார்த்துவிட வேண்டும். அச்சு தப்பாக இருந்தால், தப்பும் இருபது தடவை அச்சாகும். இந்த ஒரு சோதனையை அவசரத்தில் விடுகிறவர்களை எனக்குப் புரிவதே இல்லை.

மரங்களைத் தரம் பிரிப்பதும் அப்போதே. எந்தச் சட்டமும் முழு நேராக வராது, லேசாக வில் போல வளைந்திருக்கும். வளைவின் முதுகு மேல்பக்கம் வரும்படி கைமரங்களை முன்கூட்டியே குறித்து அடுக்கிவிட்டால், வெட்டும்போது யோசிக்க வேண்டாம். நாக்கு வரும் முனையில் பெரிய கணு இருந்தால் அந்த மரத்தை வேறு இடத்துக்கு ஒதுக்கலாம்.

ஒன்றாக அடுக்கிக் கூட்டமாக வெட்டும் முறையும் உண்டு. இது கனமான மரத்துக்கு அல்ல, மெல்லிய கைமரங்களுக்கு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கலிபோர்னியாவில் வரிசை வரிசையாக வீடுகள் எழும்பியபோது அங்கிருந்த தச்சர்கள் இதை உச்சத்துக்குக் கொண்டுபோனார்கள். கைமரங்களை நிறுத்திவாக்கில் நெருக்கி அடுக்கி, முனைகளை ஒரே மட்டமாக்கி, சுவர்மேல் உட்காரும் வெட்டை ஒரே இழுப்பில் எல்லா மரத்துக்கும் போட்டார்கள். அடிக்கு எட்டு அங்குலம் ஏறும் கூரையில் அந்த வெட்டின் ஒரு பக்கத்துக்கு ரம்பத்தை 33.7 டிகிரி சாய்க்க வேண்டும், அது சுலபம். மறுபக்கத்துக்கு 56.3 டிகிரி. சாதாரண வட்ட ரம்பம் 45, 50 டிகிரியோடு நின்றுவிடும் என்பதால், கூடுதலாகச் சாயும் அடித்தட்டை ரம்பத்தில் மாட்டிக்கொண்டார்கள். இப்படி வெட்டும்போது அடுக்கு நகராமல் இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும், பிளேடு சிக்கினால் ரம்பம் ஆளை நோக்கிப் பின்னால் எகிறும். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது கை பழகிவிடும், கவனம் எங்கோ போய்விடும். விபத்து அந்த நேரம் பார்த்துத்தான் வரும். கண் கண்ணாடியும் காது அடைப்பானும் இல்லாமல் ரம்பத்தைத் தொடாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் அச்சு செய்ய வேண்டுமா என்றால், வேண்டாம். ஒரு அச்சு செய்ய நாற்பது நிமிடம், அதனால் மூட்டுக்கு நான்கு நிமிடம் மிச்சம் என்று வைத்துக்கொண்டால் பத்தாவது மூட்டில்தான் போட்ட நேரம் திரும்பக் கிடைக்கும். மூன்று மூட்டுக்காக அச்சு செய்பவர் பட்டறையில் சுகமாகப் பொழுதைக் கழிக்கிறார், அவ்வளவுதான். இரண்டு மூன்று இடத்துக்கு மட்டும் வரும் மூட்டுகளுக்கு மூலைமட்டமும் பென்சிலும் போதும்.

இன்று ஜெர்மனியின் ஹுண்டெகர் போன்ற நிறுவனங்கள் செய்யும் கணினி இயந்திரங்கள் வரைபடத்தை வாங்கிக்கொண்டு, மரத்தைத் தாங்களே புரட்டி, நாக்கும் துளையும் வெட்டித் தள்ளுகின்றன. ஜப்பானில் புதிதாகக் கட்டும் மரச்சட்டக வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு மரம் தொழிற்சாலையிலேயே வெட்டப்பட்டு வருகிறது. இயந்திரமும் எந்தப் பக்கத்திலிருந்து அளப்பது என்று கேட்டுக்கொண்டுதான் வேலையைத் தொடங்கும். ஆதாரப் பக்கம் அதற்கும் வேண்டும். பழைய களஞ்சியம் ஒன்றில் அழுகிப்போன தூணை மாற்றும் வேலைக்கு மட்டும் இயந்திரமும் உதவாது, அச்சும் உதவாது. அங்கே துளைகளெல்லாம் இருநூறு வருடத்துக்கு முன்பே யாரோ தீர்மானித்த இடங்களில் இருக்கின்றன. புதுத் தூணைப் பக்கத்தில் கிடத்தி, தூக்குக்குண்டு பிடித்து, ஒவ்வொரு மூட்டாகப் பார்த்துப் பார்த்துக் கோடு போட வேண்டியதுதான்.